பத்துக்கு இரண்டு: தமிழ் விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தில் தமிழும் இலக்கிய நயமும் படிப்பிக்கிற, தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் போடுகிற, விடைத்தாள் திருத்துகிற சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆசிரியை இல்லை. பகலில் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்திக்கு பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து, வேலைக்குப் போகிற அம்மாமார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா ஒன்று பழசாகிப் பூட்டிக் கிடந்தது, அதைத் திறந்து கூட்டி, அங்கே பதினைந்து இருபது பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். அவர்கள் பரீட்சைக்குப் படிக்க வருகிறார்கள், நான் கதை சொல்லி ஏமாற்றுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம், புள்ளித்திட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கதை கொஞ்சம் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

போன தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு கதைச் சுருக்கம் கொடுத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். ஹன்சல், கிரெட்டல் கதை. எந்தப் பாடசாலை, எந்த வலயம் என்று எழுதப்போவதில்லை; ஆளைப் பிடித்துச் சண்டை போட நான் வரவில்லை, அதோடு இது ஓரிடத்தில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. கதை உங்களுக்குத் தெரியும். ஒரு விறகுவெட்டி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். நாட்டில் பஞ்சம். பிள்ளைகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மனைவி சொல்கிறாள், புருஷன் மனமில்லாமல் சம்மதிக்கிறான். பையன் தன் பங்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வழியெல்லாம் போட்டுக்கொண்டே போகிறான், பறவைகள் தின்றுவிடுகின்றன, வழி தவறித் தின்பண்டத்தால் கட்டிய மந்திரக்காரி வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள், கடைசியில் அவளையே அடுப்புக்குள் தள்ளிவிட்டு வீடு திரும்புகிறார்கள். கேள்வி இதுதான்: 'மாற்றாந்தாயின் பாத்திரப் பண்புகள் ஐந்தினை எடுத்துக்காட்டுக.' பத்துப் புள்ளி.

எதிர்பார்த்த விடை: கொடூரம், சுயநலம், வஞ்சகம், இரக்கமின்மை, பேராசை. ஐந்துக்கும் இரண்டிரண்டு புள்ளி. முக்கால்வாசிப் பிள்ளைகள் இந்த ஐந்தையும் வரிசையாக எழுதிப் பத்தும் வாங்கிவிட்டார்கள், ஏனென்றால் எந்தக் கதையில் கெட்டவள் வந்தாலும் இதே ஐந்தைத்தான் எழுத வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். நல்லவள் வந்தால் அன்பு, பொறுமை, தியாகம், அடக்கம், விட்டுக்கொடுத்தல். கதையை வாசிக்காமலே எழுதலாம். சிலர் வாசிக்காமல்தான் எழுதியும் இருக்கிறார்கள்.

என்னிடம் வருகிற பிள்ளை ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதிவிட்டாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்: 'அந்த அம்மாவுக்குப் பயம். வீட்டில் இருந்தது கொஞ்சம் ரொட்டி. நாலு பேர். காட்டுக்குப் போகும்போதும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்துத்தான் கூட்டிப்போனாள். எங்கள் பெரியம்மாவையும் ஒன்பது வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அம்மாயி கெட்டவள் இல்லை. அங்கேயாவது சாப்பிடுவாள் என்று நினைத்தாள். இந்த அம்மா அப்படிக்கூட நினைக்கவில்லை, அதனால் இவள் செய்தது பிழை. ஆனால் பஞ்சம் இல்லாவிட்டால் இவள் இதைச் செய்திருக்க மாட்டாள்.'

பக்கத்தில் சிவப்பு மையில்: 'வினாவுக்குரிய விடையன்று.' பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கையெழுத்துக்காக இருக்கும்.

நான் அந்தத் தாளை வாங்கி நாலைந்து தரம் வாசித்தேன். பிள்ளை அழவில்லை, தோளைக் குலுக்கிவிட்டு 'விடுங்க அக்கா' என்று போய்விட்டாள். எனக்குத்தான் விட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் முதன்முதலில் அச்சிட்டது 1812இல். அந்த முதல் பதிப்பில் மாற்றாந்தாய் என்று யாருமே இல்லை. பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய். 1840இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். வெண்பனிப் பெண்ணின் (ஸ்னோ வைட்) கதையிலும் இதே வேலை நடந்தது: 1812இல் மகளின் அழகைப் பொறுக்காமல் கொல்லச் சொன்னவள் சொந்த அம்மா, 1819 பதிப்பில் அவள் இறந்துபோய் அந்த இடத்துக்குச் சின்னம்மா வந்துவிட்டாள். புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போகிறது, பெற்றவளே இப்படிச் செய்தாள் என்று எப்படி எழுதுவது என்று தம்பி வில்ஹெல்ம் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே போனார், 1857இல் ஏழாம் பதிப்பு வரைக்கும். அதாவது நீங்கள் 'மாற்றாந்தாயின் பண்புகள்' என்று கேட்ட அந்த மாற்றாந்தாயே, கதை அச்சேறி இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து மாற்றிப் போட்டவள். அந்தப் பிள்ளை தன் விடையில் ஓரிடத்திலாவது 'மாற்றாந்தாய்' என்று எழுதியிருக்கிறாளா பாருங்கள். 'அந்த அம்மா' என்றுதான் எழுதியிருக்கிறாள். 1812ஆம் ஆண்டுப் புத்தகத்தை அவள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. கதையை ஒழுங்காக வாசித்தாள், அவ்வளவுதான்.

இன்னொன்று. லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் 'மாற்றாந்தாய்' என்று சொல்வதில்லை. சித்தி என்போம், சின்னம்மா என்போம். அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவளும் சித்திதான். என் வகுப்பில் நாலு பிள்ளைகளுக்கு அம்மா குவைத்திலோ ரியாத்திலோ, வளர்ப்பது சித்தியோ பாட்டியோ. அந்தப் பிள்ளைகளும் இந்தப் பரீட்சை எழுதினார்கள், கொடூரம், வஞ்சகம், சுயநலம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சித்தி சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டார்கள். சரி, அதை விடுங்கள். அது கேள்வித்தாள் போட்டவரின் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. அந்தக் கதையின் தொடக்கத்திலேயே பஞ்சம் இருக்கிறது. இப்படியே போனால் நாலு பேரும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்று மனைவி புருஷனிடம் சொல்கிற இடமும் கதையில் இருக்கிறது. கதை முழுக்கச் சாப்பாடுதான்: ரொட்டித் துண்டு, அதைத் தின்கிற பறவை, தின்ன முடிகிற வீடு, ஹன்சலைக் கொழுக்க வைத்துத் தின்னப் பார்க்கிற கிழவி, கடைசியில் அடுப்பு. பசியை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் ஒன்றும் மிஞ்சாது. வினாத்தாளில் பசியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கருப்பொருள் என்ன என்ற கேள்விக்கு எதிர்பார்த்த விடை, 'தீயவர்கள் தண்டனை பெறுவர்.' இதை எழுதுவதற்கு எதற்கு அந்தக் கதை?

என் அப்பாயி 73, 74 பஞ்சத்தைக் கண்டவர். அரிசி இல்லை, மா இல்லை, பாணுக்கு வரிசை. தோட்டங்களில் வேலை நாளும் குறைந்திருந்தது. மரவள்ளிக் கிழங்கு, கீரை, கிடைத்த இலை தழை என்று அவித்துத் தின்றதையும், பட்டினியில் ஆட்கள் செத்ததையும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் பிச்சைக்கு இறங்கியவர்களையும் சொல்லுவார். அவர் சொல்லும்போது ஒரு தரம் கவனித்தேன், யார் யார் பிள்ளையைக் கொடுத்தார்கள், யார் யார் விட்டுவிட்டுப் போனார்கள் என்று பெயரோடு ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஒருத்தியைக்கூடத் 'கொடியவள்' என்று சொல்லவில்லை. 'பாவி, என்ன செய்வா' என்பார். அந்தப் 'பாவி'க்குள் கோபம், இரக்கம், ஒரு பயம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். பாத்திரப் பண்பு என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும், ஐந்தாகப் பிரித்து இரண்டிரண்டு புள்ளி போடுகிற மாதிரி இருக்காது.

இதை வாசிக்கிற யாராவது, அது வெள்ளைக்காரன் கதை, நமக்கெதற்கு என்று நினைக்கலாம். சரி, நம் கதைக்கே வருகிறேன். நல்லதங்காள் கதை. லயத்தில் பெரிய எழுத்துப் புத்தகமாக வைத்திருந்து, ஒருத்தர் ராகம் போட்டு வாசிக்க நாலு வீட்டுப் பெண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுத கதை. பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், சோறு போடாமல் விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். மூத்தவன் கெஞ்சுகிறான், ஓடுகிறான், அவனையும் விடவில்லை.

ஹன்சலின் அம்மா காட்டில் விட்டாள். நல்லதங்காள் கிணற்றில் போட்டாள். செயலை மட்டும் பார்த்தால் எது பெரிய கொடுமை? ஆனால் நல்லதங்காளுக்குத் தமிழ்நாட்டில், வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயிலே இருக்கிறது. அவள் தெய்வம். பழி முழுக்க மூளி அலங்காரி தலையில். இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் ஒருத்தி சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 'மூளி அலங்காரி' என்றுதான் ஏசுகிறார்கள். கிரிம் செய்ததும் நாம் செய்ததும் ஒரே வேலைதான் என்பது எனக்கு இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் தட்டுப்பட்டது. பெற்றவள் மேல் பழி விழக் கூடாது. அதனால் வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த ஒரு பெண்ணைப் பிடி. அங்கே மாற்றாந்தாய், இங்கே அண்ணி. மழை ஏன் பெய்யவில்லை, பன்னிரண்டு வருஷமாக ராசாவின் களஞ்சியத்தில் என்ன இருந்தது, நல்லதங்காளின் புருஷனும் ராசாதானே, அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கதையும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. பஞ்சத்துக்கு ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டிவிட்டால் கதை முடிந்தது, அவளைத் தண்டித்தால் எல்லோருக்கும் நிம்மதி.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: 'அப்ப அப்பாமாரெல்லாம் எங்கக்கா?' நல்ல கேள்வி. நாங்கள் ஒவ்வொரு கதையாக அப்பாவைத் தேடிக்கொண்டு போனோம். ஹன்சலின் அப்பா அழுதுகொண்டே சம்மதிக்கிறார், கடைசியில் பிள்ளைகள் வந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார், அவருக்கு ஒரு தண்டனையும் இல்லை. மனைவி மட்டும் இடையில் செத்துப்போயிருக்கிறாள், எப்படி என்றுகூடக் கதை சொல்லவில்லை. சிண்ட்ரெல்லாவின் அப்பா செத்துப்போனார் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிரிம் சொன்ன கதையில் அவர் உயிரோடு, அதே வீட்டில் இருக்கிறார். செருப்பைக் கொண்டுவந்து இளவரசன் வேறு பெண் இருக்கிறாளா என்று கேட்கும்போது, செத்துப்போன மனைவி பெற்ற, வளர்ச்சியில்லாத சாம்பல்காரி ஒருத்திதான் இருக்கிறாள், அவள் உங்களுக்கு ஏற்றவளாக இருக்க முடியாது என்று சொல்கிறவரே அவர்தான். பெற்ற அப்பா! ஆனால் பாத்திரப் பண்பு கேட்கும்போது எந்த வினாத்தாளிலாவது சிண்ட்ரெல்லாவின் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா? சும்மா இருப்பதும் ஒரு பண்புதானே. அதை எழுதப் பழக்கினால் பிள்ளைகள் பிறகு வீட்டையும், ஊரையும், யூனியன் கூட்டத்தையும் வேறு கண்ணால் பார்ப்பார்கள். ஒருவேளை அதுதான் பயமோ என்னவோ.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'இவள் பிள்ளைகள் எதை எழுதினாலும் புள்ளி போடச் சொல்கிறாள்' என்று நினைப்பீர்கள். இல்லை. என்னிடம் ஒரு பையன், செந்தொப்பிச் சிறுமி கதையில் வரும் ஓநாய் நல்லது, அதற்குப் பசி, பாவம் என்று எழுதினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசி என்றால் காட்டில் கண்டவுடனே தின்றிருக்கலாமே, எதற்குப் பாட்டி வீட்டு விலாசம் விசாரித்து, குறுக்கு வழியில் போய், பாட்டியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்துக்கிடந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, 'அது பசி இல்லக்கா, பிளான்' என்றான். அதுதான் விடை. அவன் சொன்ன 'பிளான்' என்ற சொல்லுக்கு அந்தக் கதையில் சாட்சி இருக்கிறது. முதலில் சொன்னதற்கு இல்லை. பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1697இல் எழுதிய கதையில் ஓநாய் அந்தப் பிள்ளையைத் தின்பதோடு கதை முடிந்துவிடுகிறது, வேடனும் இல்லை, வயிற்றைக் கிழித்து மீட்பதும் இல்லை. இனிக்க இனிக்கப் பேசுகிற ஓநாய்களை நம்பாதே என்று இளம்பெண்களுக்கு ஒரு பாட்டு மட்டும். காப்பாற்றுகிற வேடன் கிரிம் கதையில் வருகிறவன். முடிவு மாறினால் கருப்பொருள் மாறிவிடுகிறது பாருங்கள். முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது ஆறுதல். இரண்டையும் கொடுத்து எது ஏன் என்று கேட்டால் தரம் 9 பிள்ளை எழுதாதா? எழுதும்.

தேவதைக் கதைப் பாத்திரங்களுக்கு ஆழமே இல்லை, அதில் ஐந்து பண்புக்கு மேல் என்ன எழுத என்று ஒரு சேர் என்னிடம் கேட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது. 1927இல் ஈ.எம். ஃபோர்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் நாவல் பாத்திரங்களைத் தட்டையானவை, உருண்டையானவை என்று பிரித்தார். ஒரே குணத்தில் நிற்பது தட்டை, நம்மைத் திடுக்கிட வைத்தும் நம்ப வைப்பது உருண்டை. அந்தக் கணக்கில் மந்திரக்காரி, இளவரசன், விறகுவெட்டி எல்லாம் தட்டைதான், பலருக்குப் பெயர்கூட இல்லை. 1928இல் ரஷ்யாவின் நாட்டார் கதை ஆய்வாளர் விளாடிமிர் ப்ராப் நூறு கதைகளை எடுத்து அலசி, ஆள் யார் என்பதை விட ஆள் என்ன செய்கிறான் என்பதுதான் முக்கியம், 31 செயல்களும் ஏழு வகை ஆட்களும் மாறி மாறி வருகின்றன, அவ்வளவே கதை என்று காட்டினார். அப்படியென்றால் கேள்வி இன்னும் சுலபமாகிவிடுகிறதே. ஆழமில்லாத ஆளிடம் குணத்தைத் தேடாமல், அவளுக்குக் கதை எந்த வேலையைக் கொடுத்திருக்கிறது, அந்த வேலைக்கு ஏன் அவளைப் பிடித்தது என்று கேட்கலாம். பிள்ளைகளை வீட்டிலிருந்து வெளியே அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பஞ்சமே போதும். எதற்கு ஒரு பெண்ணும் சேர்ந்து வேண்டியிருந்தது? என் பிள்ளை அந்தப் பத்துப் புள்ளிக் கேள்விக்கு எழுதியது இதற்கான விடையைத்தான், கேள்விதான் பிழையாக இருந்தது.

ரபுன்ஸல் கதையை ஒரு நாள் வாசித்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். மசக்கைக்காரிக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கீரை மேல் ஆசை, புருஷன் மதில் ஏறிக் குதித்துத் திருடுகிறான், இரண்டாம் முறை மந்திரக்காரியிடம் அகப்பட்டு, பிறக்கப்போகிற பிள்ளையைத் தருவதாக ஒத்துக்கொள்கிறான். வகுப்பு முழுக்க ஒரே சத்தம். விறகுக்குப் போய் வாச்சரிடம் மாட்டிக்கொண்ட கதை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஒரு பிடி கீரைக்கு ஒரு பிள்ளையா என்று ஒரு கட்சி, களவெடுத்தது களவுதானே என்று ஒரு கட்சி, அந்தக் கிழவி பிள்ளையை அடிக்கவில்லை, வளர்த்தாள்தானே, பூட்டி வைத்ததுதான் பிழை என்று மூன்றாவதாக ஒரு சின்னப் பிள்ளை. ஒன்பது மணிக்கு அம்மாமார் வந்து கூப்பிடும் வரைக்கும் முடியவில்லை. எந்த விடையையும் நான் கரும்பலகையில் எழுதிப்போடவில்லை.

இப்படி வாதாடுவது நமக்குப் புதிதா? மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற பொட்டலுக்கு வந்து பாருங்கள். தப்பு அடிக்கத் தொடங்கினால் தோட்டமே தூங்காது. தேவர்களுக்காகச் சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிற மன்மதனை, போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் கேட்பதில்லை. நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி புலம்புகிறாள், பொட்டலில் நிற்கிற கிழவிகள் எல்லோரும் சேர்ந்து அழுகிறார்கள், கடைசியில் காமன் எழும்புகிறான். மன்மதன் செய்தது பிழையா, ஏவிவிட்ட தேவர்கள் பிழையா, கோபப்பட்ட சிவன் பிழையா என்று அடுத்த நாள் கொழுந்து மலையில் நிரையோடு நிரையாக நின்று பெண்கள் பேசிக்கொள்வதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சிவனையே கேள்வி கேட்பார்கள், ஆனால் சாமி கும்பிடுவதை விடமாட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதற்கென்றே லாவணி என்று ஒரு கலை: எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று டேப் என்கிற தோல் வாத்தியத்தை அடித்து இரவு முழுக்கப் பாட்டிலேயே வாதாடுவார்கள். எரிந்தான் என்பதற்கும் ஆதாரம், எரியவில்லை என்பதற்கும் ஆதாரம். விடிந்தால் இரண்டு கட்சியும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும். எரியாத கட்சிக்காரனைப் பிடித்து 'வினாவுக்குரிய விடையன்று' என்று யாரும் எழுதவில்லை.

வேதாளமும் அப்படித்தானே. ஒவ்வொரு கதை முடிவிலும் விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்கிறது. தலை மாறிப்போன இரண்டு பேரில் அந்தப் பெண்ணுக்குப் புருஷன் யார் என்ற கதையில், எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று ராசா தலையின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறான். வேதாளத்துக்குத் திருப்தி. ஆனால் கதை கேட்டவர்களுக்கு இல்லை. 1940இல் ஜெர்மன் எழுத்தாளர் தோமஸ் மன் அதை எடுத்து வேறு மாதிரி எழுதினார், 1971இல் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் அதையே நாடகமாக்கி இன்னும் குழப்பிவிட்டார். ராசா சொன்ன விடையோடு நிறுத்தியிருந்தால் அந்த இரண்டும் கிடைத்திருக்காது.

பாட்டி வடை சுட்ட கதையைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். காகம் ஏமாந்தது, நரி தந்திரக்காரன், சரி. கோச்சிகளில் (ரயில்களில்) கூடையோடு ஏறி இறங்கி வடை விற்கிறவரின் மகள் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'பாட்டிக்கு யாருக்கா காசு குடுத்தது?' ஆயிரம் தரம் சொன்ன கதையில் இது எனக்கு ஒரு தரமும் தோன்றவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 'பண்புகள் ஐந்தினைக் குறிப்பிடுக' என்பதை ஒரு தவணைக்காவது நிறுத்திப் பாருங்கள். அந்தப் பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது, கதையில் எந்த வரி அதைக் காட்டுகிறது, நீ ஒத்துக்கொள்கிறாயா என்று கேளுங்கள். பிள்ளை ஒத்துக்கொள்ளாவிட்டால் சாட்சி கேளுங்கள், சாட்சி காட்டினால் புள்ளி கொடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத விடையாக இருந்தாலும். திருத்துவது கஷ்டம், தெரியும். நூற்றைம்பது தாளை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறவருக்கு ஐந்து சொல்லைத் தேடி டிக் போடுவது சுலபம். வாசித்துத் திருத்த நேரம் கிடைக்க வேண்டுமென்றால் அதை மேலே கேட்க வேண்டியவர்களும் நீங்கள்தான், நாங்கள் பின்னால் நிற்கிறோம். அப்புறம், கதைச் சுருக்கம் கொடுக்காதீர்கள். சுருக்குகிறபோது முதலில் போவது பசிதான், நான் கவனித்த வரைக்கும்.

அந்தப் பிள்ளைக்கு மறுபடி புள்ளி போடச் சொல்லி நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. போன கிழமை அவள் இன்னொரு கேள்வியோடு வந்தாள். 2022இல் டவுனெல்லாம் அலைந்தும் கோதுமை மா கிடைக்காமல் அவள் அம்மா வெறும் கையோடு திரும்பிய நாட்கள் அவளுக்கு நல்ல ஞாபகம். ரொட்டிச் சுவர், கேக் கூரை, சீனிச் சன்னல் என்று அந்த மந்திரக்காரி வீட்டை வாசித்துவிட்டுக் கேட்கிறாள்: 'அக்கா, நாடு முழுக்கப் பஞ்சம், விறகுவெட்டி வீட்ல ஒரு துண்டு ரொட்டி இல்ல. அந்தக் கிழவிக்கு மட்டும் ஒரு வீடே கட்டுற அளவு மாவும் சீனியும் எங்கேயிருந்து வந்துச்சு? பதுக்கி வச்சிருந்தாளா?'

எனக்கு விடை தெரியவில்லை. உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைக்காம்பராவில் கதை வாசிக்கிறவள்